வரியும் வாக்கும்

‘வாக்கு’ என்னும் சொல் தமிழில் இரு பொருள் உடையது. தலைவர் மேடையில் கொடுப்பதும் வாக்கு. குடிமகன் சாவடியில் இடுவதும் வாக்கு. முன்னதை நம்பிப் பின்னதை அளிக்கலாமா என்பதே பொதுத் தேர்தல்தோறும் எழும் வினா. வரியைப் பற்றிய பேச்சு வரும்போது இவ்வினா மேலும் கூர்மை பெறுகின்றது. ஆஸ்திரேலிய நாட்டில் 1993 முதல் 1998 வரை நடைபெற்ற மூன்று தேர்தல்கள் இதற்குத் தக்க சான்றாகும். அந்நாட்டில் வாக்களிப்பது 1924 முதல் சட்டப்படி கட்டாயம். ஆகவே, அரசியலில் நாட்டமில்லாதவரும் அங்கே தீர்ப்புக் கூறியே ஆகவேண்டும்.

1991 நவம்பரில் எதிர்க்கட்சித் தலைவர் ஜான் ஹியூசன் ஒரு பெருந்திட்டத்தை வெளியிட்டார். அவர் பொருளாதாரப் பேராசிரியராக இருந்தவர். திட்டமும் 600 பக்கங்களைக் கடந்த நூலாகவே அமைந்தது. சில பண்டங்களின் மீது மட்டும், பல்வேறு விகிதங்களில் விதிக்கப்பட்டுவந்த மொத்த விற்பனை வரியை நீக்கி, ஏறத்தாழ எல்லாப் பண்டங்களுக்கும் சேவைகளுக்கும் நூற்றுக்கு 15 வீதம் ஒரே வரி விதிப்பது என்பது அதன் சாரம். அதற்கு ஈடாக வருமான வரி குறைக்கப்படும். வரி விதிக்கப்போவதைத் தேர்தலுக்கு முன்பே ஒளிக்காது கூறிய அவருடைய துணிவு பாராட்டத்தக்கதே.

தொழிற்கட்சியைச் சேர்ந்த பிரதமர் பால் கீட்டிங் இதனைக் கடுமையாக எதிர்த்தார். இதில் ஒரு விந்தை உண்டு. 1985இல் நிதியமைச்சராக இருந்தபோது இத்தகைய நுகர்வு வரியொன்றை ஆதரித்தவர் அவரே! கான்பராவில் கூடிய வரி மாநாட்டில் போதிய ஆதரவு கிட்டாமையால் அம்முயற்சி கைவிடப்பட்டது. இப்பொழுதோ அவர், புதிய வரி எதுவும் இன்றியே வருமான வரியை இரு கட்டங்களாகக் குறைப்பதாகக் கூறினார். அக்குறைப்பைத் தேர்தலுக்கு முன்பே சட்டமாகவும் ஆக்கினார். இது வெறும் வாக்குறுதியன்று, சட்டம் என்று அச்சொல்லை எழுத்தெழுத்தாக உச்சரித்தும் காட்டினார்.

வேலையின்மை நூற்றுக்கு 11 வீதத்தை நெருங்கியிருந்த காலம் அது. ஆளுங்கட்சி தோற்பது உறுதி என்றே பலரும் எண்ணினர். ஆயினும், தான் வாங்கும் பண்டத்தின் விலை என்னவாகும் என்னும் கவலை வாக்காளரை விட்டு நீங்கவில்லை. 1992 டிசம்பரில் உணவுப் பொருள்களுக்கு விலக்களிக்க ஹியூசன் இசைந்தார். திட்டம் அதனால் மேலும் சிக்கலாயிற்று. தேர்தலுக்குப் பத்து நாட்களே இருந்தபோது, தொலைக்காட்சிப் பேட்டியொன்றில், பிறந்தநாள் கேக் ஒன்றின் விலை கூடுமா குறையுமா என்று அவரைக் கேட்டனர். அலங்காரம் உண்டா, மெழுகுவர்த்தி உண்டா என்று அவர் விளக்கிக்கொண்டே போனார். கேட்டவர்க்குத் தெளிவு பிறக்கவில்லை. 1993 மார்ச் 13 அன்று தொழிற்கட்சி மீண்டும் வென்றது.

உண்மை பேசியவர் தோற்றார் என்று இக்கதையை முடித்துவிடலாம். ஆனால் வரலாறு அங்கே நிற்கவில்லை. அவ்வாண்டு ஆகஸ்டில் வந்த வரவுசெலவுத் திட்டத்தில், சட்டமாக்கப்பட்ட வரிக்குறைப்பின் இரண்டாம் கட்டம் ஒத்திவைக்கப்பட்டது. மொத்த விற்பனை வரியும் உயர்த்தப்பட்டது. சட்டமே வாக்குறுதிக்குக் காவலாக நிற்கவில்லையெனின், மக்கள் வேறு எதனை நம்புவர்? 1996 மார்ச்சில் தொழிற்கட்சி படுதோல்வி அடைந்தது. அத்தோல்விக்குப் பிற காரணங்களும் உண்டு. எனினும், இந்த மனக்கசப்பும் அவற்றுள் ஒன்று.

அடுத்துப் பிரதமரான ஜான் ஹோவர்ட், பதவிக்கு வருமுன் 1995இல், அந்தப் பொது வரி இனி ஒருபோதும் வாராது என்று உறுதி கூறியிருந்தார். பின்னர் அவரும் மனம் மாறினார். ஆனால் அவர் ஒன்று செய்தார்: பழைய உறுதிமொழியை மீறிச் சட்டமியற்றாமல், நூற்றுக்கு 10 வீத வரித் திட்டத்துடன் 1998 அக்டோபர் 3 அன்று மக்கள் முன் நின்றார். இரு பெரும் அணிகளுக்கிடையே வாக்குகளைப் பகிர்ந்து எண்ணியபோது தொழிற்கட்சியே சற்று முந்தியது. ஆயினும் தொகுதிகளில் ஹோவர்ட் அணி பெரும்பான்மை பெற்றது. செனட் சபையில் சிறிய கட்சியொன்றின் ஆதரவு தேவைப்பட்டமையால், அடிப்படை உணவுப் பொருள்களுக்கு விலக்களிக்கப்பட்டது. 2000 ஜூலை 1 அன்று வரி நடைமுறைக்கு வந்தது.

இம்மூன்று தேர்தல்களையும் சேர்த்து நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். மக்கள் வரியை வெறுத்தே வாக்களிப்பவர் அல்லர். வரி யார் தலையில் எவ்வளவு விழும் என்பது அவர்களுக்கு விளங்கவேண்டும். சொன்னவர் சொன்னபடி நடப்பார் என்னும் உறுதியும் வேண்டும். ஹியூசனிடம் நேர்மை இருந்தது, எளிமை இல்லை. கீட்டிங்கின் வாக்குறுதி எளிதில் விளங்கியது, நிலைக்கவில்லை. ஹோவர்ட் தம் சொல்லை மாற்றினார்; மாற்றியதை மக்கள் தீர்ப்புக்கு விட்டமையால், மயிரிழையிலேனும் பிழைத்தார். சூழ்நிலை மாறும்போது கொள்கை மாறுவது குற்றமன்று. அதனை வாக்குப்பெட்டி மூடிய பின்னர் மாற்றுவதா, திறந்திருக்கும்போதே கூறுவதா என்பதில்தான் ஒரு கட்சியின் நாணயம் அடங்கியிருக்கின்றது.