ஒரு சொட்டு சிந்தாமல்...

செஞ்சிக் கோட்டைக்குப் போயிருக்கிறீர்களா? திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை போகிற சாலையில், ஊரைத் தாண்டியதுமே வலது பக்கம் கிருஷ்ணகிரி, இடது பக்கம் ராஜகிரி. யாரோ மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போன மாதிரி பாறைகள். 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் மராட்டியர்களின் 12 கோட்டைகளைச் சேர்த்தபோது, தமிழ்நாட்டிலிருந்து அதில் இடம் பிடித்தது இது ஒன்றுதான். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் கார்கள் கொஞ்சம் அதிகம்.

அப்படி ஒரு ஞாயிறு. சாலையோரம் ஒரு கார் பானெட்டைத் திறந்துகொண்டு நின்றது. குடும்பம் மர நிழலில். டேஷ்போர்டில் எண்ணெய்க் கிண்ணம் போல ஒரு சிவப்பு விளக்கு எரிந்ததாம். இளைஞர் ஒருவர் டவுனுக்குள் ஓடிப்போய் ஒரு கேன் இன்ஜின் ஆயில் வாங்கி வந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை இணைப்பிதழைச் சுருட்டிக் கூம்பு செய்து, மூடியைத் திறந்து, கேனைக் கவிழ்த்தார்.

குபுக்!

கொஞ்சம் உள்ளே போனது. மிச்சம் இன்ஜின் மேல், பெல்ட் மேல், அவர் புதுச் சட்டை மேல். சூடான புகைக்குழாயில் பட்டுப் புகை கிளம்பியதும் குழந்தைகள் அலறின. டீ குடித்துக்கொண்டிருந்த லாரி டிரைவர் ஒருவர் கிளாஸை வைத்துவிட்டு வந்தார். “தம்பி, குடுங்க இப்படி. கேனைத் திருப்பிப் பிடிக்கணும். வாய் மேல இருக்கணும், கீழ இல்ல.”

அவ்வளவுதான். அதன் பிறகு எண்ணெய் நூல் மாதிரி இறங்கியது. சத்தமே இல்லை.

சரி, இதில் வரலாறு எங்கே வருகிறது என்கிறீர்களா? வருகிறது. அந்த இளைஞர் நூறு வருஷத்துக்கு முன்னால் பிறந்திருந்தால், சட்டையில் எண்ணெய் பட்டதற்காக யாரும் அவரைத் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். எந்திரம் என்றாலே எண்ணெய் சிந்தும், அதுதான் அதன் சுபாவம் என்று உலகமே நம்பியிருந்த காலம் அது.

நம் மாட்டு வண்டியிலிருந்தே ஆரம்பிக்கலாம். மர அச்சில் சக்கரம் உரசினால் ஊரையே எழுப்பும். அதற்காக வைக்கோலைக் கரித்து, அந்தக் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து ‘வண்டி மை’ தயாரிப்பார்கள். மூங்கில் குழாயில் அடைத்து வண்டியிலேயே தொங்கவிட்டிருப்பார்கள். வழியில் கிறீச் என்றால் நிறுத்தி, சக்கரத்தைத் தளர்த்தி, மை தடவிவிட்டுப் புறப்பட வேண்டியதுதான். தடவிய மை அச்சில் நிற்குமா? வெயிலில் உருகி வழியும். வேட்டியில் பட்டால் ஏழு தலைமுறைக்கும் போகாது!

கேலியாக ஒருத்தரை ‘விளக்கெண்ணெய்’ என்று திட்டுகிறோமே, அந்த விளக்கெண்ணெய்க்கு உலக வரலாற்றில் இருக்கிற மரியாதை கொஞ்சநஞ்சமல்ல. 1899-ல் லண்டனில் எண்ணெய்க் கம்பெனி தொடங்கிய சார்லஸ் வேக்ஃபீல்ட், பத்து வருஷம் கழித்து கார்களுக்கும் விமானங்களுக்கும் ஓர் எண்ணெயை விற்க வந்தார். அதில் முக்கியச் சரக்கு ஆமணக்கு எண்ணெய். ஆமணக்குக்கு ஆங்கிலத்தில் ‘காஸ்டர்’. அதை வைத்துத்தான் ‘காஸ்ட்ரால்’ என்று பெயர் சூட்டினார். இன்றைக்கும் நம் ஊர் மெக்கானிக் ஷெட் சுவர்களில் பார்க்கிற அதே பெயர்.

முதல் உலகப் போரில் பறந்த பல சண்டை விமானங்களில் ஒரு விசித்திரமான இன்ஜின் உண்டு. புரொப்பல்லரோடு சேர்ந்து இன்ஜினே சுற்றும்! அதற்குப் பெட்ரோலில் சட்டென்று கரையாத எண்ணெய் தேவைப்பட்டது. ஆமணக்கு எண்ணெய் கச்சிதமாகப் பொருந்தியது. ஆனால் ஊற்றிய எண்ணெயைத் திரும்பச் சேகரிக்க அதில் வழியே கிடையாது. உள்ளே போவது எல்லாம் புகையோடு வெளியே வந்து விமானியின் முகத்தில் அடிக்கும். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சண்டை போட வேண்டும். மூச்சோடு வயிற்றுக்குள் போன எண்ணெயின் விளைவு என்ன என்பதை, சின்ன வயதில் பாட்டி கையால் விளக்கெண்ணெய் குடித்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

தட்டுப்பாடு எந்த அளவுக்குப் போனது தெரியுமா? அமெரிக்க அரசு இந்தியாவிலிருந்து கப்பலில் ஆமணக்கு விதை வரவழைத்து, 1918-ல் ஃபுளோரிடா பக்கமெல்லாம் விதைக்கச் செய்தது.

எண்ணெய் விஷயத்தில் செஞ்சிச் சீமைக்கும் ஒரு பங்கு உண்டு. இங்கே வேர்க்கடலையை ‘மல்லாக்கொட்டை’ என்பார்கள். மணிலாக்கொட்டை மருவி அப்படி ஆனது. அன்றைய தென்னாற்காடு மாவட்டத்துக் கடலை, 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிச்சேரி வழியாகக் கப்பலேறி பிரான்சின் மார்செய் துறைமுகத்துக்குப் போனது. அங்கே எண்ணெயாகி, சோப்பாகி... 1900 பாரீஸ் கண்காட்சியில் ருடால்ஃப் டீசல் வடிவமைத்த இன்ஜின் ஒன்று முழுக்க முழுக்கக் கடலை எண்ணெயில் ஓடிக் காட்டியது. கேட்டது பிரெஞ்சு அரசு. ஆப்பிரிக்காவில் தங்கள் குடியேற்ற நாடுகளில் விளைகிற கடலையை எரிபொருளாக்க முடியுமா என்று பார்க்க ஆசைப்பட்டார்கள். இன்ஜின் அவ்வளவு இயல்பாக ஓடியதால், அது கடலை எண்ணெயில் ஓடுகிறது என்பதே பலருக்குத் தெரியவில்லை என்று டீசலே பிற்பாடு சொல்லியிருக்கிறார். அந்த எண்ணெய் தென்னாற்காட்டுக் கடலையிலிருந்து வந்தது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் பெட்ரோலியம் அவ்வளவு மலிவாகக் கிடைக்காமல் போயிருந்தால், செஞ்சி மார்க்கெட்டில் மல்லாக்கொட்டை விலையைப் பார்த்து பஸ் கட்டணம் நிர்ணயித்திருப்பார்களோ என்னவோ!

காருக்கு வருவோம். 1908-ல் ஹென்றி ஃபோர்டு கொண்டுவந்த மாடல்-டி கார், 1927 வரை ஒன்றரைக் கோடி விற்றது. அதில் எண்ணெய் அளவு பார்க்கும் குச்சி கிடையாது. இன்ஜினுக்கு அடியில், ஒன்றுக்குக் கீழே ஒன்றாக இரண்டு சின்னக் குழாய்கள். காருக்கு அடியில் படுத்துக்கொண்டு மேல் குழாயைத் திறக்க வேண்டும். எண்ணெய் வந்தால் போதுமான அளவு இருக்கிறது. வராவிட்டால் கீழ்க் குழாய். அதிலும் வராவிட்டால் ஆபத்து. நல்ல செய்தி கிடைத்தால் கை, முகம், சட்டையெல்லாம் எண்ணெய். கெட்ட செய்தி என்றால் சட்டை சுத்தம்! இப்படி ஒரு சோதனையை யார் கண்டுபிடித்தார்களோ.

பிறகுதான் டிப்ஸ்டிக் வந்தது, எண்ணெயைச் சுற்றிவிடும் பம்ப் வந்தது, ரப்பர் சீல்கள் வந்தன. எந்திரம் தன் எண்ணெயைத் தானே காப்பாற்றிக்கொள்ளக் கற்றுக்கொண்டது. (அம்பாசிடர் மட்டும் கடைசிவரை நின்ற இடத்தில் ஒரு கோலம் போட்டுவிட்டுத்தான் போகும் என்பது டாக்ஸி ஸ்டாண்டுக்காரர்களின் பழைய ஜோக்.) ஆக, இன்றைக்கு எண்ணெய் சிந்துகிறது என்றால் பெரும்பாலும் அது இன்ஜினின் குற்றமில்லை. ஊற்றுகிற கையின் குற்றம்.

அந்த லாரி டிரைவர் செய்த வித்தைக்கு வருகிறேன். கேனின் வாய் நடுவில் இல்லாமல் ஓர் ஓரமாக இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். வாய் கீழே இருக்கும்படி சாய்த்தால், வெளியேறும் எண்ணெய் வாயை அடைத்துக்கொள்ளும். காற்று உள்ளே போக வழியில்லை. உள்ளே வெற்றிடம் இழுக்கும், எண்ணெய் நிற்கும், காற்று முட்டி மோதிக்கொண்டு உள்ளே நுழையும்... குபுக்! வாய் மேல் ஓரத்தில் இருக்கும்படி படுக்க வைத்துச் சாய்த்தால், அடியில் எண்ணெய் வர, மேலே காற்று போகும். சண்டையே இல்லை.

மற்றதெல்லாம் பொறுமைதான். சிவப்பு விளக்கு எரிந்தால் ‘அடுத்த ஊரில் பார்த்துக்கொள்ளலாம்’ என்று ஓட்டாதீர்கள். அது எண்ணெய் அழுத்தம் போய்விட்டது என்கிற அபாய மணி. உடனே ஓரம் கட்டி இன்ஜினை அணைக்க வேண்டும். சமதளத்தில் நிறுத்தி, பத்து நிமிஷம் விடுங்கள். மேலே இருக்கும் எண்ணெய் கீழே இறங்கட்டும். டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, மறுபடி செருகி எடுத்துப் பார்த்தால்தான் சரியான அளவு தெரியும். மூடியைத் திறப்பதற்கு முன்னால் சுற்றிலும் துணியால் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் செஞ்சிப் புழுதியும் சேர்ந்து உள்ளே போகும். பேப்பர் கூம்பு வேண்டாம், நனைந்து கிழியும். ஒரு பிளாஸ்டிக் புனல் இருபது முப்பது ரூபாய். எந்த எண்ணெய் என்பது கார்க் கம்பெனி கொடுத்த புத்தகத்தில் இருக்கும்.

முழு கேனையும் கவிழ்ப்பதுதான் பலர் செய்கிற தப்பு. குச்சியில் கீழ்க் கோட்டுக்கும் மேல் கோட்டுக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலான கார்களில் சுமார் ஒரு லிட்டர்தான். கால் லிட்டர் ஊற்றி, கொஞ்சம் பொறுத்து, அளவு பாருங்கள். மேல் கோட்டைத் தாண்டினால் உள்ளே சுழலும் தண்டு எண்ணெயைக் கடைந்து நுரையாக்கிவிடும். நுரையால் உராய்வைத் தடுக்க முடியாது. ஊற்றி முடித்ததும் கேனை ஒரு சுழற்றுச் சுழற்றி நிமிர்த்தினால் கடைசிச் சொட்டு வெளியே வழியாது. நம் பாட்டிகள் எண்ணெய்ச் சொம்பை நிமிர்த்திய கையோடு விளிம்பை விரலால் வழித்துத் தலையில் தடவிக்கொள்வார்களே, அதே சாமர்த்தியம். (இன்ஜின் ஆயிலைத் தலையில் தடவ வேண்டாம்!) கடைசியாக மூடியைத் திருகுங்கள். மறந்தால் அடுத்த பத்து கிலோமீட்டரில் பானெட்டுக்குள் தீபாவளி.

நம் முன்னோர்களுக்கு எண்ணெயும் நெய்யும் அளந்து ஊற்றுகிற சமாசாரம். சோழர் காலக் கல்வெட்டுகளில் ஒரு நந்தா விளக்கு அணையாமல் எரிய 96 ஆடுகளைத் தானம் கொடுத்தார்கள். அதற்கு ஈடாகத் தினம் ஓர் உழக்கு நெய். உழக்கு என்றால் உழக்கு, சிந்தினால் விளக்கு விடியும்வரை எரியாது.

அன்றைக்குக் காரிலிருந்து சிந்தியது மொத்தம் ஒரு டம்ளர் இருக்கும். “கொஞ்சம்தானே அண்ணே, மழை வந்தா போயிடும்” என்றார் இளைஞர்.

எங்கே போகும்?

இந்தக் கேள்விக்கு 250 வருஷம் முன்பே ஒருவர் பதில் தேடினார். அமெரிக்காவின் பெஞ்சமின் ஃபிராங்க்ளின். லண்டனுக்குப் பக்கத்தில் கிளாப்பம் என்ற இடத்தில் ஒரு குளம். காற்றில் அலையடித்துக்கொண்டிருந்த தண்ணீரில் ஒரு டீஸ்பூன் எண்ணெயை விட்டார். அது பரவிப் பரவிக் கிட்டத்தட்ட அரை ஏக்கரைக் கண்ணாடி மாதிரி ஆக்கிவிட்டது. அரை ஏக்கர் என்றால் நம் கணக்கில் ஐம்பது சென்ட்! 1774-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் இது அச்சானது. அதற்குப் பிறகு ஃபிராங்க்ளின் எங்கே போனாலும், கைத்தடியின் மூங்கில் கணுவுக்குள் கொஞ்சம் எண்ணெய் வைத்துக்கொண்டே அலைந்தார். நம் வண்டிக்காரர் மூங்கில் குழாயில் மை வைத்திருந்த மாதிரியே.

அவர் ஊற்றிய எண்ணெய் வேறு. இன்ஜின் ஆயில் அத்தனை மெல்லியதாகப் பரவாது. ஆனால் மழைக்குப் பிறகு சாலையோரத் தண்ணீரில் வானவில் நிறத்தில் மின்னுகிறதே, அது இந்தச் சொந்தம்தான். பழைய எண்ணெய் இன்னும் மோசம், அதில் உலோகத் துகளும் கரியும் சேர்ந்திருக்கும். அதைச் சாக்கடையில் விடக்கூடாது என்று சட்டமே இருக்கிறது. 2024 ஏப்ரல் முதல், எண்ணெய் தயாரிக்கும் கம்பெனிகளே பழைய எண்ணெய் மறுசுத்திகரிப்புக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்ற விதியும் நடைமுறைக்கு வந்துவிட்டது.

செஞ்சியில் இந்தப் பேச்சுக்குக் கூடுதல் அர்த்தம் உண்டு. 1690-ல் அவுரங்கசீப்பின் தளபதி ஜுல்ஃபிகர் கான் இந்தக் கோட்டையை வளைத்தார். உள்ளே சிவாஜியின் மகன் ராஜாராம். கோட்டை விழுந்தது 1698-ல்! இடையில் வெளியே இருந்த மொகலாயப் படைதான் பட்டினி கிடந்து, 1693 தொடக்கத்தில் வந்தவாசிக்குப் பின்வாங்கியது. உள்ளே இருந்தவர்களுக்குக் களஞ்சியமும் குளங்களும் மலையுச்சியில்கூட வற்றாத சுனையும் இருந்தன. செட்டிகுளமும் சக்கரக்குளமும் இன்றைக்கும் ராஜகிரி அடிவாரத்தில் இருக்கின்றன. எட்டு வருஷ பீரங்கியைத் தாங்கிய ஊருக்குத் தண்ணீரின் அருமையைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

லாரி டிரைவர் பதில் பேசவில்லை. எதிரே மர இழைப்புக் கடையிலிருந்து ஒரு பை மரத்தூள் வாங்கி வந்து, சிந்திய இடத்தில் கொட்டிக் காலால் மிதித்தார். எண்ணெயைக் குடித்து அது கறுத்தது. அட்டையால் வழித்துப் பையில் போட்டு, முடிச்சுப் போட்டு, இளைஞரின் கையில் கொடுத்தார்.

“ஊர்ல மெக்கானிக் ஷெட்ல குடுத்துடுங்க தம்பி. பழைய ஆயில் டிரம் வச்சிருப்பாங்க.”

அவர் டீ ஆறிப்போயிருந்தது. இன்னொன்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.