மூன்று கட்டைப் பிரம்மச்சாரிகளும் ஒரு பினாங்குக்காரரும்

ஜோர்ஜ்டவுனில், ஜாலான் பி. ரம்லியில் ஒரு பலகை வீடு இருக்கிறது. 1929 மார்ச் 22 அன்று தெக்கு சக்கரியா பிறந்தது அங்கேதான். அப்பா அச்சேக்காரர், அம்மா பட்டர்வொர்த் பக்கம். அந்தப் பையன்தான் பின்னாளில் பி. ரம்லி. நம்மில் பலருக்கு அவர் பாட்டுக்காரர். எனக்கு அவர் முதலில் நகைச்சுவை எழுத்தாளர்.

1948இல் புக்கிட் மெர்தாஜாமில் அவர் பாடியதைக் கேட்ட இயக்குநர் பி. எஸ். ராஜ்ஹன்ஸ், சிங்கப்பூருக்கு அழைத்துப்போனார். ஷா சகோதரர்களின் ஜாலான் அம்பாஸ் ஸ்டூடியோவில் எடுத்த 'சிந்தா' முதல் படம், வில்லன் வேஷம். 1950இல் 'பக்தி'யில் அவரைக் கதாநாயகன் ஆக்கியவர் எல். கிருஷ்ணன், சென்னையில் பிறந்து பினாங்கில் வளர்ந்த தமிழர். நம்ம ஆட்கள் இதைப் பெரிதாகப் பேசிக்கொள்வதில்லை. ரம்லி என்றதும் 'அது மலாய்க்காரங்க படம்' என்று தள்ளி உட்கார்ந்துவிடுகிறோம்.

1955இல் 'பெனாரேக் பெச்சா' மூலம் ரம்லி இயக்குநரானார். 1957இல் 'பூஜாங் லாப்போக்' வந்தது. ரம்லி, அஸிஸ் சத்தார், எஸ். சம்சுடின் என மூன்று கட்டைப் பிரம்மச்சாரிகள். கையில் காசில்லை, கல்யாணமும் ஆகவில்லை. அந்த வரிசையின் அடுத்த படமான 'பெண்டேக்கார் பூஜாங் லாப்போக்' 1959 ஆசியத் திரைப்பட விழாவில் சிறந்த நகைச்சுவைப் படமானது.

எனக்குப் பிடித்தது 1961இல் வந்த 'செனிமான் பூஜாங் லாப்போக்'. மூவரும் நடிகராகும் ஆசையில் அதே ஜாலான் அம்பாஸ் ஸ்டூடியோவுக்கே போய் நிற்பார்கள். ராத்திரி வாடகை வீட்டில் வசனம் மனப்பாடம் பண்ணலாம் என்றால், ஒரு பக்கம் ட்ரம்பெட், இன்னொரு பக்கம் மோட்டார் சைக்கிள் உறுமல். மெல்லிய பலகைச் சுவருக்கு இந்தப் பக்கம் வாழ்ந்து பார்த்த எவருக்கும் அந்தக் காட்சியை விளக்கத் தேவையில்லை. நெரிசலையும் ஏழ்மையையும் எழுதியவர், அதில் இருக்கிற மனிதர்களை ஏளனம் செய்யவில்லை. சினிமா ஆசையில் வாசலில் காத்திருப்பவனின் கூச்சம் அவருக்குத் தெரிந்திருந்தது.

1964இல் கோலாலம்பூருக்கு, மெர்டேக்கா ஸ்டூடியோவுக்கு மாறினார். வெளிநாட்டுப் படங்கள் கலரில் வந்துகொண்டிருந்த காலத்தில் இவர் கறுப்பு வெள்ளையிலேயே எடுத்துக்கொண்டிருந்தார். கூட்டம் குறைந்தது. 1972இல் 'லக்ஸமானா டோ ரே மி' கடைசிப் படம். 1973 மே 29 அன்று மாரடைப்பு. வயது 44 மட்டுமே.

டான் ஸ்ரீ பட்டம் 1990இல் வந்தது. 1972க்குப் பிறகு இன்னொரு படம் எடுக்கத்தான் அவருக்கு வாய்க்கவில்லை. ஸ்டூடியோ வாசலில் அந்த மூவரும் நிற்கும் காட்சியை இப்போது பார்த்தாலும் சிரிப்பு வருகிறது, கொஞ்சம் தாமதமாக.