வினாவும் வழியும்

2024ஆம் ஆண்டு மார்ச் மாதம் 29ஆம் நாள் வெளியான ஒரு செய்தி, கணினிகளைப் பேணுவோரைத் திடுக்கிட வைத்தது. கோப்புகளைச் சுருக்கி வைப்பதற்கு உதவும் எக்ஸ்.இசட். என்னும் மென்பொருளின் 5.6.0, 5.6.1 ஆகிய இரு பதிப்புகளில், பிறர் கணினிக்குள் களவாய்ப் புகுவதற்குரிய கள்ள வாயில் ஒன்று ஒளித்து வைக்கப்பட்டிருந்தது. அதனைக் கண்டறிந்தவர் அந்திரேஸ் புரொயிண்ட் என்னும் பொறியியலாளர். தொலைவிலிருந்து கணினியினுள் நுழைவதற்கு வழக்கத்திலும் ஏறக்குறைய அரைச் செக்கன் கூடுதலாகச் செல்வதைக் கண்ட அவர், அதன் காரணத்தைத் தேடிச் சென்றார். அத்தேட்டமே கள்ள வாயிலைக் காட்டிக் கொடுத்தது.

செய்தி பரவியதும் எங்கும் எழுந்த வினா ஒன்றே: இம்மென்பொருள் நம் கணினிகளில் உள்ளதா? உண்டெனில், எந்தப் பதிப்பு? ஒரு கணினியை உடையவர் இதற்கு விரைவில் விடை காண்பர். ஆயிரம் கணினிகளைப் பேணும் நிறுவனம் யாது செய்யும்? இத்தகைய வினாவை ஒரே வாக்கியத்தில் கேட்டு விடை பெறும் முறை எவ்வாறு தோன்றியது என்னும் வரலாறு, சந்திரனை நோக்கிச் சென்ற ரொக்கெட்டின் பாகங்களோடு தொடங்குகின்றது.

1960களில் ஐக்கிய அமெரிக்கா மேற்கொண்ட அப்பொலோத் திட்டத்தில், சட்டேர்ன்-5 ரொக்கெட்டின் எண்ணற்ற பாகங்களை ஒழுங்காகப் பதிந்து வைக்க வேண்டியிருந்தது. ஐ.பீ.எம். நிறுவனம் வேறிரு நிறுவனங்களோடு சேர்ந்து இதற்கென ஒரு மென்பொருளை ஆக்கியது. ஐ.எம்.எஸ். என்னும் பெயர் பெற்ற அது, 1968இல் இயங்கத் தொடங்கியது. அதிலே தரவுகள் ஒரு மரத்தைப் போல அமைந்திருந்தன. வேரிலிருந்து கிளைக்கும், கிளையிலிருந்து கொப்புக்கும் செல்லுதல் வேண்டும். 'இவ்வியந்திரத்தின் பாகங்கள் யாவை?' என்று கேட்டால் விடை எளிதிற் கிடைக்கும். 'இப்பாகம் எவ்வெவ் வியந்திரங்களில் உள்ளது?' என்று மாற்றிக் கேட்டாலோ, மரம் முழுவதையும் ஏறி இறங்க நேரிடும். எதனை அறிய வேண்டும் என்பது மட்டும் போதாது. அதனை அடையும் வழியும் கேட்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இந்நிலையை மாற்ற முற்பட்டவர் எட்கார் கொட். 1923இல் இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள போட்லண்டிற் பிறந்து, ஒக்ஸ்போட்டிற் கணிதமும் இரசாயனமும் பயின்று, இரண்டாம் உலகப் போரில் விமானியாகப் பணியாற்றியவர் அவர். பின்னர் அமெரிக்கா சென்று ஐ.பீ.எம். நிறுவனத்திற் சேர்ந்தார். கலிபோர்ணியாவிலே, சன் ஹொசே நகரிலிருந்த அதன் ஆய்வுக்கூடத்திலிருந்து, 1970ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஒரு கட்டுரையை வெளியிட்டார். தரவுகளை மரங்களாகவன்றி, வரிகளும் நிரல்களும் கொண்ட எளிய அட்டவணைகளாக வைக்கலாம் என்றும், கேட்பவர் தாம் வேண்டுவது யாதென மட்டும் கூறினாற் போதும் என்றும் அதிற் காட்டினார். வழியைத் தேடுவது இயந்திரத்தின் கடமை என்பது அவர் கொள்கை. அவர் எடுத்துக்கொண்ட உதாரணமும் பாகங்களையும் திட்டங்களையும் பற்றியதே.

அவர் கொள்கை உடனே வரவேற்கப்படவில்லை. ஐ.எம்.எஸ். நன்றாக விற்பனையாகிக் கொண்டிருந்தது. அதற்கு மாறான ஒன்றை அதே நிறுவனம் ஆர்வத்தோடு வளர்க்குமா? வழியை அறிந்த மனிதனிலும் விரைவாக இயந்திரம் வழி காணுமா என்ற ஐயமும் பலரிடத்து இருந்தது. ஆயினும் சன் ஹொசேயில் ஒரு சிறு குழு முயற்சியைத் தொடங்கியது. அக்குழுவினரான டொனால்ட் சேம்பர்லின், கொட் நிகழ்த்திய உரையொன்றைப் பிற்காலத்தில் நினைவு கூர்ந்துள்ளார். பழைய முறையில் ஐந்து பக்க நிரலாக எழுத வேண்டிய வினாக்களைக் கொட் ஒவ்வொரு வரியில் எழுதிக் காட்டினாராம். ஆனால் அவ்வரிகள் கணிதக் குறியீடுகளாலானவை. அவற்றைச் சாதாரண ஆங்கிலச் சொற்களாக்கி, சேம்பர்லினும் றேமண்ட் பொய்சும் 1974இல் சீக்குவல் என்னும் வினவல் மொழியை வெளியிட்டனர். பொய்ஸ் அவ்வாண்டிலேயே இளவயதிற் காலமானார். அப்பெயர் விமான நிறுவனம் ஒன்றுக்கு உரிமையாயிருந்தமையால், மொழியின் பெயர் எஸ்.கியூ.எல். எனச் சுருங்கியது. மிகக் குறைந்த செலவுள்ள வழியை இயந்திரமே கணித்துத் தெரியும் முறையை, 1979இல் பற்றீசியா செலிங்கரும் அவர்தம் தோழரும் விளக்கினர்.

இதன் பயனை முதலில் விற்றது ஐ.பீ.எம். அன்று. பிற்காலத்தில் ஒராக்கிள் எனப் பெயர் பெற்ற சிறு நிறுவனம் ஒன்று, வெளிவந்த கட்டுரைகளைப் படித்து 1979இலேயே தன் மென்பொருளைச் சந்தைக்குக் கொணர்ந்தது. ஐ.பீ.எம். 1981இற்றான் பின்தொடர்ந்தது. கொட் அவ்வாண்டு டூறிங் விருது பெற்றார்.

வங்கிக் கணக்கும் விமானப் பயணச்சீட்டும் அட்டவணைகளுள் வந்து சேர்ந்தன. ஆனால் இவற்றையெல்லாம் தாங்கிய கணினியின் சொந்தக் கணக்கு மட்டும் பழைய நிலையிலேயே நின்றது. 1993இல் தொடங்கிய டெபியன் என்னும் லினக்ஸ் முறைமை, தன்னுள் நிறுவப்பட்ட மென்பொருட் பொதிகளின் பெயர், பதிப்பு, ஒன்று மற்றொன்றிற் சார்ந்திருக்கும் தன்மை ஆகியவற்றைச் சாதாரண எழுத்துக் கோப்பொன்றிலே பதிந்தது. 1995இல் வந்த ஆர்.பீ.எம். முறை வேறொரு வகைப் பேழையிற் பதிந்தது. எவரேனும் வினவ விரும்பினால், ஒவ்வொன்றுக்கும் ஏற்ற வழியைத் தாமே அறிந்திருத்தல் வேண்டும். கொட் நீக்க முயன்ற இடர் இங்கே அப்படியே இருந்தது.

2014ஆம் ஆண்டு ஒக்ரோபரில், பேஸ்புக் நிறுவனம் ஓஎஸ்குவெரி என்னும் மென்பொருளை எவரும் பயன்படுத்துமாறு வெளியிட்டது. இதன் அமைப்பை மூன்று படிகளாகக் கூறலாம். முதற்படி, கணினியிலுள்ள பொதிக் கோப்புகளைப் படித்து, ஒவ்வொரு பொதியையும் அட்டவணையின் ஒரு வரியாகக் காட்டுவது. அவ்வட்டவணை முன்னரே நிரப்பி வைக்கப்பட்டதன்று. வினவும் கணத்தில் கோப்பிலிருந்து உருவாவது. இரண்டாம் படி, றிச்சர்ட் ஹிப் 2000இல் ஆக்கிய எஸ்.கியூ.லைட் என்னும் சிறு இயந்திரம் வினாவைப் பகுத்து விடை காண்பது. மூன்றாம் படி, ஒரு சேவையகம் வினாவைப் பல கணினிகளுக்கு அனுப்பி விடைகளைத் திரட்டுவது. 'பொதிகள் அட்டவணையிலிருந்து, பெயர் எக்ஸ்.இசட். ஆகவும் பதிப்பு 5.6.0 அல்லது 5.6.1 ஆகவும் உள்ள வரிகளைத் தருக' என்று ஒருமுறை கேட்டாற் போதும். இத்தகைய சேவையகத்தை அமைப்போர் ஒன்றை மறத்தலாகாது: வீட்டிலுள்ள பொருள்களின் பட்டியல் வீட்டுக்காரருக்கு உதவுவது போலவே கள்வனுக்கும் உதவும். ஆதலின், வினவும் உரிமை யாருக்கு என்பதை முதலில் வரையறுத்தல் வேண்டும்.

வேறோர் எல்லையும் உண்டு. எக்ஸ்.இசட். ஆபத்தின்போது டெபியன் பழைய, நல்ல பதிப்புக்கு மீண்டது. ஆனால் பதிப்பெண் பின்னோக்கிச் செல்லலாகாது என்பது முறை. எனவே புதிய பொதிக்கு '5.6.1, உண்மையில் 5.4.5' என்னும் பொருள்படப் பெயரிட்டனர். 5.6.1 எனத் தொடங்கும் பதிப்புகளைத் தேடியவருக்கு, நல்ல பொதியும் தீய பொதியாகத் தோன்றியிருக்கும். 2021 டிசெம்பரில் லொக்-ஃபோர்-ஜே என்னும் மென்பொருளிற் பெருங்குறை வெளிப்பட்டபோது இதற்கு மறுதலையான இடர் நேர்ந்தது. அது பிற மென்பொருள்களின் உள்ளே பொதிந்து கிடந்தமையால், பொதிப் பட்டியலில் அதன் பெயரே இல்லாத கணினிகள் பல. அங்கே 'இல்லை' என்ற விடை பொய்யான ஆறுதலையே தந்தது.

கொட் 2003இற் காலமானார். வழியைத் தேடும் சுமையை அவர் கேட்பவரின் தோளிலிருந்து இறக்கி வைத்தார். பதிவை உண்மையாக எழுதும் சுமையோ மனிதரிடமே உள்ளது. எழுதாததை அட்டவணை சொல்லாது. பிழையாக எழுதியதைத் திருத்தவும் மாட்டாது. எக்ஸ்.இசட். ஆபத்தைக் கண்ட புரொயிண்ட், கொட்டின் கொள்கையைப் பின்பற்றிப் பேர்க்லிப் பல்கலைக்கழகத்தில் எழுந்த ஆராய்ச்சியின் வழிவந்த போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தை ஆக்குவோருள் ஒருவர். கள்ள வாயிலை அவருக்கு முதலில் உணர்த்தியது எந்த அட்டவணையுமன்று. அரைச் செக்கனையும் அலட்சியம் செய்யாத கவனமே. அவ்வாறு ஒருவர் கண்ட பின்னர், 'எங்கெங்கே உள்ளது?' என்று ஆயிரம் கணினிகளிடம் ஒரே மூச்சிற் கேட்கும் ஆற்றலையே அட்டவணை தந்தது.