டேட்டா நம்முடையது, மொழி யாருடையது?

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

இந்த எபிசோடுக்குக் காரணம், இன்பாக்ஸில் திரும்பத் திரும்ப வரும் ஒரு கேள்வி. "ப்ரோ, எங்க ஆபீஸ்ல டேட்டா மைனிங் டூல் வாங்கப் போறாங்க. சாஸா, எஸ்பிஎஸ்எஸ்ஸா, நைமா, இல்ல பைத்தான்லயே பண்ணிடலாமா? எது பெஸ்ட்?"

முதலில் ஒரு விளக்கம். சாஸ் என்றால் தக்காளி சாஸ் இல்லை, 'ஸ்டாட்டிஸ்டிக்கல் அனாலிசிஸ் சிஸ்டம்' என்பதன் சுருக்கம். டேட்டா மைனிங் என்பது குவிந்து கிடக்கும் பழைய டேட்டாவில் பேட்டர்ன் தேடுவது. பிரெடிக்டிவ் அனலிட்டிக்ஸ் என்பது அந்தப் பேட்டர்னை வைத்து அடுத்து நடக்கப்போவதைக் கணிப்பது. பழைய கடன் கணக்குகளைப் பார்த்து, புதிதாக வந்திருக்கும் இந்த ஆள் ஒழுங்காகத் தவணை கட்டுவாரா என்று சொல்வது மாதிரி.

எந்த டூலில் என்ன வசதி இருக்கு என்று டிக் அடித்த அட்டவணைகள் ஆன்லைனில் ஏராளம். அவற்றில் பெரும்பாலும் இல்லாத ஒரு வரி இருக்கு: பத்து வருஷம் கழித்து, லைசன்ஸ் புதுப்பிக்காமல் போனால், இந்த டூலில் எழுதியதை நம்மால் திறந்து படிக்க முடியுமா? இந்தத் துறையின் வரலாற்றை நான் படிக்கப் படிக்க, பெரிய சண்டைகளில் பலவும் அந்த வரியைச் சுற்றியே நடந்திருப்பது தெரிந்தது. அதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

ஐம்பது கடிதம், ஒரு பதில்

1956. அமெரிக்காவில் பில் ஃபேர் என்ற இன்ஜினியரும் எர்ல் ஐசக் என்ற கணித நிபுணரும் ஆளுக்கு 400 டாலர் போட்டு ஒரு கம்பெனி ஆரம்பிக்கிறார்கள். 1958இல், கடன் கொடுக்கும் 50 பெரிய நிறுவனங்களுக்குக் கடிதம் எழுதுகிறார்கள்: யாருக்குக் கடன் கொடுக்கலாம் என்பதை மேனேஜரின் உள்ளுணர்வுக்கு விடாமல் புள்ளி போட்டு முடிவு செய்யலாம், நாங்கள் செய்து தருகிறோம் என்று. பதில் எழுதியது ஒரே ஒரு நிறுவனம். இன்று அமெரிக்கர்களின் வீட்டுக்கடனைத் தீர்மானிக்கும் ஃபைகோ ஸ்கோர் இந்தக் கம்பெனியுடையதுதான். அந்த ஸ்கோர் வந்தது 1989இல்.

நடுவில் ஒரு முக்கியமான விஷயம் நடந்தது. 1974இல் சம கடன் வாய்ப்புச் சட்டம் வந்தது. 1976இல் அதைத் திருத்தி, கடன் மறுக்கப்பட்டவருக்குக் காரணம் சொல்லியாக வேண்டும் என்று ஆக்கினார்கள். "கம்ப்யூட்டர் வேண்டாம்னு சொல்லிடுச்சு" என்று கையை விரிக்க முடியாது. அப்படியானால் கம்ப்யூட்டருக்குள் என்ன எழுதியிருக்கிறது என்பது அந்த வங்கிக்குத் தெரிந்திருக்கணும், இல்லையா? இதை மனசில் வைத்துக்கொள்ளுங்க, பின்னாடி வரும்.

அரசியல் மாணவரும் வயல்வெளிக் கணக்கும்

1968. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் நார்மன் நை என்ற அரசியல் அறிவியல் மாணவர். கையில் மலை மாதிரி சர்வே டேட்டா. அன்றைக்கு இருந்த புரோகிராம்கள் எல்லாம் விஞ்ஞானிகளும் இன்ஜினியர்களும் தங்களுக்காக எழுதிக்கொண்டவை. அவர் டேல் பென்ட், டெக்ஸ் ஹல் என்ற இருவருடன் சேர்ந்து, சமூக அறிவியல்காரர்களுக்காகவே ஒரு பேக்கேஜ் எழுதினார். அதுதான் எஸ்பிஎஸ்எஸ். 1970இல் மெக்ரா-ஹில் அதன் கையேட்டைப் புத்தகமாகப் போட்டது. புள்ளியியல் பாடப்புத்தகம் மாதிரியே படிக்கக்கூடிய கையேடு அது. அங்கிருந்து கல்லூரிகளுக்கும், பிறகு மார்க்கெட் ரிசர்ச் கம்பெனிகளுக்கும் போனது.

அதே காலகட்டத்தில் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் வேறொரு தலைவலி. அமெரிக்கத் தெற்கு மாநிலங்களின் விவசாய ஆராய்ச்சி நிலையங்களிலிருந்து பயிர்ச் சோதனை முடிவுகள் வந்து குவிகின்றன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக புரோகிராம் எழுதி மாளாது. அதற்காக 1966இல் தொடங்கிய வேலைதான் சாஸ். பல பல்கலைக்கழகங்கள் பகிர்ந்துகொண்ட பொதுவேலை அது. 1976இல் அந்தோனி பார், ஜேம்ஸ் குட்நைட், ஜான் சால், ஜேன் ஹெல்விக் ஆகிய நான்கு பேரும் அதைத் தனி கம்பெனியாக்கினார்கள்.

இங்கேதான் பிசினஸ் கதை தொடங்குகிறது. சாஸை ஒருமுறை வாங்கி வைத்துக்கொள்ள முடியாது, வருஷா வருஷம் லைசன்ஸ் கட்டணும். வீட்டு வாடகை மாதிரி என்று நினைத்துக்கொள்ளுங்க. வங்கி, இன்ஷூரன்ஸ், மருந்து கம்பெனி என்று எல்லோரும் குடிவந்தார்கள். சும்மா சொல்லக் கூடாது, வீடு நல்ல வீடு. மெமரிக்குள் அடங்காத பெரிய ஃபைலைக்கூட வரிவரியாகப் படித்து வேலை முடிக்கும். பழைய புரோகிராம் புதிய வெர்ஷனிலும் ஓடும்.

ஆனால் வாடகை வீட்டுக்குள் நாம் கட்டிய சுவர் ஒன்று இருக்கு. சாஸ் வெறும் மெனு வைத்த சாஃப்ட்வேர் இல்லை. அது ஒரு மொழி. டேட்டாவைத் தயார்செய்ய 'டேட்டா' என்று தொடங்கும் பகுதி, கணக்கிட 'ப்ராக்' என்று தொடங்கும் பகுதி. வங்கியின் கடன் விதிகள் முப்பது வருஷமாக அந்த மொழியில் எழுதப்பட்டு வந்தால், டேட்டா வங்கியுடையதாக இருக்கலாம், அதன் நியாயம் முழுக்க இன்னொருவர் வீட்டில் இருக்கும்.

இழுத்துப் போட்டால் மாடல்

1994இல் இங்கிலாந்தில் இன்டெக்ரல் சொல்யூஷன்ஸ் என்ற கம்பெனி 'கிளெமென்டைன்' என்ற டூலைக் கொண்டுவந்தது. கோடு எழுத வேண்டாம். ஸ்கிரீனில் சின்னச்சின்னக் கட்டங்களை இழுத்துப் போட்டு, அம்புக்குறியால் இணைத்தால் மாடல் தயார். இன்றைக்கு நைமிலும் ரேப்பிட்மைனரிலும் நாம் பார்க்கும் அதே காட்சி. 1998இல் எஸ்பிஎஸ்எஸ் அந்தக் கம்பெனியையே வாங்கிவிட்டது. இன்று 'ஐபிஎம் எஸ்பிஎஸ்எஸ் மாடலர்' என்று விற்பது கிளெமென்டைனின் வாரிசுதான்.

1996இல் இதே ஆட்களும் டைம்லர்-பென்ஸ், என்சிஆர், டச்சு இன்ஷூரன்ஸ் கம்பெனியான ஓரா ஆகியோரும் சேர்ந்து 'கிரிஸ்ப்-டிஎம்' என்ற செயல்முறையை வடிவமைக்கத் தொடங்கினார்கள். பிசினஸைப் புரிந்துகொள், டேட்டாவைப் புரிந்துகொள், தயார்செய், மாடல் போடு, மதிப்பிடு, நடைமுறைப்படுத்து. ஆறு கட்டத்தில் மாடல் போடுவது ஒன்றே ஒன்றுதான். நாம் டூலை ஒப்பிடும்போது எதைப் பற்றி அதிகம் பேசுறோம்? அந்த ஒன்றைப் பற்றி! எந்தத் துறையை டேட்டாவில் சேர்த்தோம், எந்த வரியை ஏன் தூக்கினோம் என்ற விவரமெல்லாம் மீதி ஐந்தில் இருக்கு.

ஆக்லாந்திலிருந்து ஒரு எழுத்து

இப்போது கொஞ்சம் பின்னால் போவோம். 1976இல் அமெரிக்காவின் பெல் லேப்ஸில் ஜான் சேம்பர்ஸும் சக ஆட்களும் 'எஸ்' என்ற புள்ளியியல் மொழியை உருவாக்கத் தொடங்கினார்கள். அது பிறகு 'எஸ்-பிளஸ்' என்று காசுக்கு விற்கப்பட்டது.

1990களின் தொடக்கத்தில் நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மேன் என்று இரண்டு ஆசிரியர்கள். எஸ் மொழியைப் போலவே எழுதக்கூடிய ஒன்றை, உள்ளே இருக்கும் எஞ்சினைத் தாங்களே புதிதாக எழுதி, உருவாக்கினார்கள். இருவர் பெயரின் முதல் ஆங்கில எழுத்தும் ஆர், அதனால் மொழிக்கும் 'ஆர்' என்றே பெயர். 1995இல் அதை ஓப்பன் சோர்ஸாக வெளியிட்டார்கள்.

2004இல் எஸ் மொழியின் உரிமை 20 லட்சம் டாலருக்குக் கைமாறியது. அதே நேரத்தில் அதன் தம்பியான ஆர், உலகம் முழுக்கக் கல்லூரிகளில் இலவசமாக ஓடிக்கொண்டிருந்தது.

2009ஐக் குறித்து வைங்க

ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ், ஆர் பற்றிப் பெரிய கட்டுரை போட்டது. அதில் சாஸ் தரப்பின் பதில் என்ன தெரியுமா? எங்கள் வாடிக்கையாளர்களில் விமான எஞ்சின் செய்பவர்கள் இருக்கிறார்கள், விமானத்தில் ஏறும்போது அவர்கள் இலவச சாஃப்ட்வேர் பயன்படுத்தவில்லை என்பது எனக்கு நிம்மதி என்ற பொருளில் ஒரு அதிகாரி சொன்னார். ஆர் ஆட்கள் கொதித்துப்போனார்கள்.

ஜூலையில் ஐபிஎம், எஸ்பிஎஸ்எஸ்ஸை 120 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது.

அக்டோபரில் ஒரு செய்தி. ஆர் மொழியை வைத்து பிசினஸ் செய்யும் ரெவல்யூஷன் என்ற கம்பெனிக்குப் புதிய தலைமைச் செயல் அதிகாரி வருகிறார். பெயர் நார்மன் நை. ஆமாங்க, நாற்பது வருஷம் முன்னாடி எஸ்பிஎஸ்எஸ்ஸை உருவாக்கிய அதே நை. தான் கட்டிய வீடு ஐபிஎம்முக்குப் போன அதே வருஷம், அவர் எதிர்வீட்டுக்குக் குடிபோனார்.

அதே ஆண்டில்தான் லண்டனில் ஒரு வழக்கும் தொடங்கியது. வேர்ல்ட் புரோகிராமிங் என்ற சிறிய இங்கிலாந்து கம்பெனி, சாஸ் மொழியில் எழுதிய புரோகிராமை அப்படியே ஓட்டும் ஒரு சாஃப்ட்வேரைச் செய்திருந்தது. சாஸின் சோர்ஸ் கோடு அவர்கள் கையில் இல்லை. சாஸைக் காசு கொடுத்து வாங்கி, ஓட்டிப் பார்த்து, அது என்ன செய்கிறது என்று கவனித்து எழுதினார்கள். ஆக்லாந்துக்காரர்கள் எஸ் மொழிக்குச் செய்ததற்கும் இதற்கும் பெரிய தூரம் இல்லை. ஆனால் இங்கே எதிரில் இருந்தது சாஸ்.

2012 மே 2 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது: ஒரு புரோகிராமின் செயல்பாட்டுக்கும், அதன் மொழிக்கும், டேட்டா ஃபைல் வடிவத்துக்கும் காப்புரிமைப் பாதுகாப்பு கிடையாது. எழுதிய கோடு உன்னுடையது, அந்த மொழியில் பேசும் உரிமை உன்னுடையது மட்டும் இல்லை என்று சுருக்கமாகச் சொல்லலாம்.

அமெரிக்காவில் கதை வேறு மாதிரி போனது. லைசன்ஸ் ஒப்பந்தத்தை மீறியதாகவும் ஏமாற்றியதாகவும் 2015இல் வட கரோலினா ஜூரி முடிவு செய்தது. நஷ்ட ஈடு மூன்று மடங்காகி சுமார் 7.9 கோடி டாலர் ஆனது. பிறகு டெக்சாஸில் சாஸ் போட்ட தனி காப்புரிமை வழக்கு 2023 ஏப்ரலில் மேல்முறையீட்டிலும் தோற்றது. 14 வருஷம்! ஒரு மொழி யாருக்குச் சொந்தம் என்று கேட்க இவ்வளவு காலமும் இவ்வளவு பணமும் ஆகியிருக்கு. அந்த மொழியில் எத்தனை கம்பெனிகளின் விதிகள் எழுதப்பட்டிருந்தன என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

அப்போ ஓப்பன் சோர்ஸ்தான் பதிலா?

அவசரப்படாதீங்க. 2015இல் மைக்ரோசாஃப்ட், ரெவல்யூஷன் கம்பெனியை வாங்கியது. அதோடு 'எம்ரான்' என்ற சேவையும் வந்தது. ஆர் பேக்கேஜ்கள் குறிப்பிட்ட ஒரு நாளில் எப்படி இருந்தனவோ அப்படியே எடுத்துக்கொள்ளலாம், பழைய ஆய்வை மாறாமல் திரும்ப ஓட்டலாம். பலரும் அதை நம்பி ஸ்கிரிப்ட் எழுதினார்கள். 2023 ஜூலை 1 அன்று அது மூடப்பட்டது. நாளைக்கும் இதே விடை வரவேண்டும் என்பதற்காக எழுதிய ஸ்கிரிப்ட்டே, அந்த முகவரி இல்லாமல் நின்றுபோனது.

இன்னொரு பக்கம் பாருங்க. வேர்ல்ட் புரோகிராமிங்கை 2021 இறுதியில் ஆல்டேர் வாங்கியது. ஜெர்மனியின் டார்ட்மண்ட் பல்கலைக்கழகத்தில் பிறந்த ரேப்பிட்மைனரையும் 2022இல் வாங்கியது. அந்த ஆல்டேரையே 2025 மார்ச்சில் சுமார் 1,000 கோடி டாலருக்கு சீமென்ஸ் வாங்கியது. நீங்கள் டூலைத் தேர்ந்தெடுக்கலாம். நாளைக்கு அதன் முதலாளி யார் என்பதை உங்களால் தேர்ந்தெடுக்க முடியாது.

சரி, எதை வாங்குவது?

டெமோ பார்க்கும்போது மூன்று கேள்வி கேளுங்க.

ஒன்று: லைசன்ஸ் முடிந்த அடுத்த நாள் எனக்கு என்ன மிஞ்சும்? பைத்தானிலோ ஆரிலோ எழுதினால் குறைந்தபட்சம் டெக்ஸ்ட் ஃபைல் மிஞ்சும். நைமின் டெஸ்க்டாப் பதிப்பு இலவசம், ஓப்பன் சோர்ஸ். டீம் முழுக்கப் பகிர்ந்து ஓட்டும் சர்வர் பக்கத்துக்குத்தான் காசு. சாஸ் கோடை வெளியே ஓட்ட இன்று வழி இருக்கு, அந்த வழி திறந்த கதை இப்போது உங்களுக்குத் தெரியும். மாடலை மட்டும் ஒரு டூலிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோக 'பிஎம்எம்எல்' என்ற பொதுவடிவம் உண்டு. ஆனால் டேட்டாவைச் சுத்தம் செய்த நீண்ட வேலை முழுக்க அதில் ஏறாது.

இரண்டு: இதைச் செய்தவர் வேலையை விட்டுப்போனால் அடுத்தவரால் படிக்க முடியுமா? இங்கே கட்டம்-அம்புக்குறி டூல்களை மட்டமாக நினைக்காதீங்க. குறிப்பு இல்லாத ஆயிரம் வரி பைத்தானைவிட, ஒழுங்காகப் பெயர் வைத்த இருபது கட்டம் தெளிவாக இருக்கும். கோடு தெரியாத கிரெடிட் மேனேஜரால்கூட விரல் வைத்துக் காட்டி, "இந்த இடத்துல ஏன் இவங்களைத் தூக்கினீங்க?" என்று கேட்க முடியும்.

மூன்று: மறுக்கப்பட்டவருக்குக் காரணம் சொல்ல முடியுமா? 1976இல் அமெரிக்கச் சட்டம் கேட்ட அதே கேள்விதான். மாடலின் துல்லியம் ஒரு சதவீதம் கூடியதற்காக இந்தப் பதிலை விட்டுக்கொடுக்கலாமா என்பதை டூல் விற்பவர் முடிவு செய்யக் கூடாது, உங்கள் கம்பெனி முடிவு செய்யணும்.

இந்த மூன்றுக்கும் சரியான பதில் சொல்லிவிட்டு, அதன் பிறகும் சாஸுக்கே காசு கொடுக்கலாம் என்று உங்கள் டீம் நினைத்தால், தாராளமாகக் கொடுங்க. பெரிய டேட்டா, கடுமையான தணிக்கை, இரவு இரண்டு மணிக்கு போன் எடுக்க ஆள் என்று நியாயமான காரணங்கள் உண்டு. வாடகை வீட்டில் இருப்பது தப்பே இல்லை. ஆனால் உள்ளே எந்தச் சுவரை நாம் கட்டினோம், ஏன் கட்டினோம் என்று ஒரு தனித் தாளில், சாதாரணத் தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதி வைத்துக்கொள்ளுங்க. அந்தத் தாளுக்கு லைசன்ஸ் தேவையில்லை.

உங்க ஆபீஸ்ல இந்த மூணு கேள்வியையும் கேட்டுப் பார்த்தால், என்ன பதில் வந்ததுன்னு எனக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.