மொரீசியஸ்: பெயர் இல்லாத நான்காவது பிரிவு

மொரீசியஸ் தீவுக்குப் பூர்வகுடிகள் கிடையாது. 1638இல் டச்சுக்காரர்கள் குடியேறும்வரை அங்கே மனிதர்கள் நிலையாக வாழவில்லை. இன்று அங்குள்ள 12 லட்சத்துக்கும் மேற்பட்டோரில் பெரும்பாலோர் கப்பலில் வந்தவர்களின் வழித்தோன்றல்கள். ஆனால் யார் எப்படி வந்தார்கள் என்பதே அவரவர் இடத்தைத் தீர்மானித்தது. சாதியச் சமூகத்திலிருந்து பேசும் நாம் இதைக் கவனிக்க வேண்டும்.

டச்சுக்காரர்கள் கைவிட்ட தீவை 1715இல் பிரெஞ்சுக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். மடகாஸ்கரிலிருந்தும் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் மக்களை அடிமைகளாகக் கொண்டுவந்தார்கள். 1810இல் தீவு பிரிட்டிஷார் கைக்கு மாறியது. 1835 பிப்ரவரி 1இல் அடிமைமுறை ஒழிக்கப்பட்டபோது அடிமைகள் 60,000க்கும் அதிகம். இழப்பீடு யாருக்குக் கிடைத்தது? அடிமைகளை வைத்திருந்த முதலாளிகளுக்கு! விடுதலையானவர்களுக்குக் காசும் இல்லை, காணி நிலமும் இல்லை. ‘பயிற்சி’ என்ற பெயரில் 1839 வரை பழைய எஜமானர்களிடமே உழைக்கவைக்கப்பட்டார்கள்.

கரும்புத் தோட்டங்களுக்கு மலிவான கூலிகள் வேண்டியிருந்தது. 1834 நவம்பர் 2இல் ‘அட்லஸ்’ கப்பல் 36 இந்தியர்களைக் கொண்டுவந்தது. அவர்கள் சோட்டா நாக்பூர் மலைப்பகுதியினர். அடுத்த முக்கால் நூற்றாண்டில் கல்கத்தா, சென்னை, பம்பாய் துறைமுகங்கள் வழியாகச் சுமார் 4.5 லட்சம் ஒப்பந்தக் கூலிகள் இறங்கினார்கள். வறுமையும் நிலமின்மையும் சாதியும் துரத்தியவர்கள் அவர்களில் பலர். 1861லேயே தீவின் மக்கள்தொகையில் பாதிக்கும் மேல் இந்தியர்கள். கூலி உயரவில்லை. விடுதலையானவர்கள் பேரம் பேசும் வலுவையும் இழந்தார்கள். ஒடுக்கப்பட்ட ஒரு கூட்டத்தை வைத்தே இன்னொரு கூட்டத்தை ஓரங்கட்டும் தந்திரம் நமக்குப் புதிதல்ல.

1968இல் விடுதலை பெற்ற நாட்டின் அரசமைப்புச் சட்டம், தேர்தலில் பிரதிநிதித்துவத்துக்காக மக்களை நான்காகப் பிரித்தது: இந்துக்கள், முஸ்லிம்கள், சீன வம்சாவளியினர். இந்த மூன்றிலும் சேராதவர்கள் எல்லோரும் ‘பொது மக்கள்தொகை’. அடிமைகளின் வாரிசுகளான கிரியோல் மக்கள் இந்த நான்காவது பிரிவில்தான் வருகிறார்கள். அவர்களுடைய முன்னோர்களை வைத்திருந்த பிரெஞ்சு முதலாளிகளின் வாரிசுகளும் இதே பிரிவுதான். எஜமானுக்கும் அடிமைக்கும் ஒரே பெட்டி! மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சமூகப் பிரிவு கேட்கப்பட்டது கடைசியாக 1972இல். அதிலும் கிரியோல்களுக்குத் தனி எண்ணிக்கை இல்லை.

எண்ணிக்கை இல்லையென்றால் உரிமை கேட்பது எவ்வளவு கடினம் என்பதை, 1950 குடியரசுத் தலைவர் ஆணையால் பட்டியலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட தலித் கிறிஸ்தவர்கள் அறிவார்கள். கிரியோல்களிலும் பெரும்பாலோர் கத்தோலிக்கர்களே.

அடிமை ஒழிப்பு நாள், இந்தியர் வந்திறங்கிய நாள் இரண்டுமே மொரீசியஸில் இன்று அரசு விடுமுறை. 2011இல் அங்கே உண்மை மற்றும் நீதி ஆணையம் அளித்த அறிக்கை, பறிபோன நிலங்களைப் பற்றியும் பேசியது. விடுமுறை கொடுப்பது எளிது. நிலத்தையும் பெயரையும் திருப்பிக் கொடுப்பதுதான் நீதி. புலம்பெயர்ந்த தமிழரின் உழைப்பைப் பெருமையாகப் பேசும் நாம், அதே மண்ணில் சங்கிலியோடு இறங்கியவர்களின் இந்தக் கேள்வியையும் சேர்த்தே பேசுவோம்.