தாதாபாய் நவரோஜியின் பாராளுமன்றப் பணியும் காரைக்காலின் வாக்குரிமையும்

திருச்சபை வரலாறு பயில்வோர் தரங்கம்பாடியை நன்கு அறிவர். அதற்குத் தெற்கே சில கல் தொலைவில் அரசலாற்றங்கரையில் உள்ள காரைக்காலையோ நாம் பெரும்பாலும் கடந்தே சென்றுவிடுகிறோம். 1739இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த இவ்வூர், இடையிடையே ஆங்கிலேயர் வசப்பட்டு மீண்டபோதிலும், 1954 வரை பிரெஞ்சு ஆட்சியிலேயே இருந்தது. தரங்கம்பாடியை 1845இல் டேனியர் ஆங்கிலேயருக்கு விற்றபின், காரைக்காலுக்கு வடக்கும் தெற்கும் மேற்கும் ஆங்கிலேயர் நாடாயிற்று. ஒரே காவிரி நீர் பாயும் வயல்களில் உழுத இரு உழவருள் ஒருவர் பாரிசுப் பாராளுமன்றத்திற்கு வாக்களித்தார். மற்றவருக்கு எந்தப் பாராளுமன்றத்திற்கும் வாக்கில்லை. இவ்வேறுபாட்டின் பொருள் யாது? இதை ஆராய, அக்காலத்தில் இலண்டனில் இருந்த ஓர் இந்தியரிடமிருந்து தொடங்குவது பயன்தரும் எனக் கருதுகிறோம்.

1825இல் பிறந்த தாதாபாய் நவரோஜி பம்பாய்ப் பார்சி புரோகிதக் குடும்பத்தினர். எல்பின்ஸ்டன் கல்லூரியில் கணிதப் பேராசிரியராக இருந்து, 1855இல் வணிகத்தின் பொருட்டு இலண்டன் சென்றவர். 1886இல் ஹோல்பர்ன் தொகுதியில் லிபரல் கட்சியின் சார்பில் நின்று தோற்றார். ஆங்கிலேயத் தொகுதி எதுவும் ஒரு கறுப்பு மனிதரைத் தெரிந்துகொள்ளும் நிலைக்கு இன்னும் வரவில்லை என்னும் கருத்துப்படப் பிரதமர் சாலிஸ்பரி பிரபு 1888இல் பேசினார். இந்த இகழ்ச்சி நவரோஜியின் பெயரை நாடெங்கும் பரப்பியது என்பது வேடிக்கையே. 1892இல் மத்திய பின்ஸ்பரி தொகுதியில் அவர் வென்றார். வேறுபாடு 5 வாக்குகளே.

பைபிளின்மீதன்றித் தம் சமயநூலாகிய அவெஸ்தாவின்மீது அவர் உறுதிமொழி எடுத்துக்கொண்டார். இவ்வுரிமை எளிதில் வந்ததன்று. நாத்திகராகிய சார்லஸ் பிராட்லா 1880 முதல் ஆறாண்டுகள் இந்த உறுதிமொழிப் பிரச்சினையிலேயே சபைக்கு வெளியே நிறுத்தப்பட்டுப் போராடியதையும் இங்கு நினைவுகூர வேண்டும். அப்போது அவரை எதிர்த்தவர்களுள் திருச்சபையினர் பலர் இருந்தனர் என்பதை நாம் மறைப்பதற்கில்லை.

நவரோஜி சபையில் இருந்தது மூன்றாண்டுகளே. அவற்றுள் மிக முக்கியமானது 1893 ஜூன் 2 எனலாம். இந்திய சிவில் சர்வீஸ் தேர்வை இங்கிலாந்திலும் இந்தியாவிலும் ஒரே சமயத்தில் நடத்த வேண்டும் என்ற தீர்மானத்தை ஹெர்பர்ட் பால் கொண்டுவர, நவரோஜி ஆதரித்துப் பேசினார். தீர்மானம் 84க்கு 76 என்ற கணக்கில் நிறைவேறியது. ஆயினும் அமைச்சரவை அதனை இந்திய அரசாங்கத்தின் கருத்துக்கு அனுப்பி, கிடப்பில் போட்டது. மாகாண அரசாங்கங்களுள் சென்னை ஒன்றே அதற்குச் சாதகமாக எழுதியது என்பது தமிழ் வாசகர்கள் அறியவேண்டிய செய்தி. இந்தியாவில் அத்தேர்வு நடைபெற 1922 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. 1895 தேர்தலில் நவரோஜி தோற்றார். அவர் பெயரைச் சொல்லி இந்தியர் மகிழ்ந்தனர். ஆனால் அவரைத் தெரிந்தெடுக்கவோ நீக்கவோ இந்தியாவிலிருந்த எவராலும் இயலவில்லை.

காரைக்காலின் நிலை இதற்கு நேர்மாறானது. 1848ஆம் ஆண்டுப் புரட்சியின் விளைவாகப் பிரெஞ்சிந்தியாவுக்கு ஒரு பாராளுமன்ற உறுப்பினர் வழங்கப்பட்டு, விரைவில் அவ்வுரிமை பறிக்கப்பட்டது. 1871இல் அது மீண்டும் வந்தது. புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம், சந்திரநாகூர் ஆகிய ஐந்து இடங்களின் ஆண்களும் சேர்ந்து ஒருவரைப் பாரிசுக்கு அனுப்பினர். நவரோஜி பின்ஸ்பரி வாக்காளரின் சார்பில் அமர்ந்திருந்த அதே ஆண்டுகளில், காரைக்கால் வாக்காளரின் பெயரால் பாரிசில் அமர்ந்திருந்தவர் பியேர் அலிப் என்னும் ஐரோப்பியர். 1881 முதல் 1898 வரை அவ்விடம் அவருக்கே உரியதாயிருந்தது. அங்கே இந்தியப் பிரதிநிதி. ஆனால் இந்திய வாக்கில்லை. இங்கே இந்திய வாக்கு. ஆனால் இந்தியப் பிரதிநிதி இல்லை.

இதற்குக் காரணம் மக்களின் அறியாமை என்று கூறிவிடுவது எளிது, அது சரியன்று. வாக்குகள் மக்கள் கையில் இருக்கவில்லை. புதுச்சேரியின் சண்முக வேலாயுத முதலியார் ஏறத்தாழக் கால் நூற்றாண்டு தேர்தல்களைத் தம் பிடியில் வைத்திருந்தார். சாதி வழக்கங்களைப் பிரெஞ்சுச் சட்டம் தொடலாகாது என்பதே அவர் கட்சியின் கொள்கை. அதற்கு இசைந்த ஐரோப்பியருக்கு வாக்குகள் திரட்டித் தரப்பட்டன. அடியாட்களின் மிரட்டலும் பெட்டியில் கள்ளச் சீட்டு நிரப்புதலும் பிரெஞ்சிந்தியத் தேர்தல்களின் இயல்பாகவே ஆகிவிட்டன.

மறுபுறம் நின்றவர் வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை, கத்தோலிக்கர். 1873இல் ஐரோப்பியரைப்போல் காலணி அணிந்து நீதிமன்றம் புகுந்ததற்காகத் தடுக்கப்பட்டு, பிரான்சின் உயர் நீதிமன்றம்வரை சென்று வென்றவர். 1881 செப்டம்பர் 21ஆம் நாள் ஆணை, விரும்பும் இந்தியர் தம் சாதி, சமயம் சார்ந்த தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்க வழி செய்தது. அவ்வாறு துறந்தோருள் கிறிஸ்தவரும் ஒடுக்கப்பட்டோரும் மிகுதி. லாப்போர்த் முதலிய புதிய குடும்பப் பெயர்களை அவர்கள் சூடினர். சமத்துவம் கிட்டும் என்று நம்பியே அவர்கள் இதைச் செய்தனர். ஆனால் 1884இல் உள்ளூர்ச் சபைகளுக்கு மூன்று வாக்காளர் பட்டியல்கள் ஏற்பட்டன: ஐரோப்பியர் ஒன்று, துறந்தோர் ஒன்று, ஏனைய இந்தியர் ஒன்று. பிரெஞ்சுக்காரராகச் சட்டப்படி ஏற்கப்பட்டவர் பட்டியலில் ஏற்கப்படவில்லை. 1899இல் அந்த நடுப்பட்டியலும் எடுக்கப்பட்டது. துறந்தோருள் சிலர் மட்டும் முதற்பட்டியலில் இடம் பெற்றனர். சட்டத்தின் சொல்லை நம்பி மூதாதையர் வழக்கத்தைக் கைவிட்டவர்களுக்கு இது எத்தகைய ஏமாற்றம் என்பதை நம் சபைகளின் வரலாற்றை எழுதுவோர் போதிய அளவு எண்ணிப் பார்த்ததில்லை.

இந்தப் பட்டியல் முறை 1945இல்தான் ஒழிந்தது. அதன் பின்னரே தமிழர் பாரிசுச் சபையில் அமர்ந்தனர். லம்பேர் சரவணன் 1946 முதல் 1951 வரை உறுப்பினராயிருந்தார். 1951இல் வென்ற எதுவார் குபேர் 1954 மார்ச்சில் இந்தியாவோடு இணையும் பக்கம் திரும்பினார். அவ்வாண்டு அக்டோபர் 18ஆம் நாள் கீழூரில் கூடிய 178 மக்கட் பிரதிநிதிகளுள் 170 பேர் இணைப்புக்கு வாக்களித்தனர். நவம்பர் 1ஆம் நாள் ஆட்சி கைமாறியது. சந்திரநாகூரில் 1949இல் மக்களிடமே வாக்கெடுப்பு நடந்தது. 1871 முதல் வாக்குச்சாவடிக்குச் சென்று பழகிய காரைக்கால் மக்களிடமோ, இந்த ஒன்றைப் பற்றி நேரே வாக்குக் கேட்கப்படவில்லை.