கயல்விழி ஒருத்திதான்: ஒரு ப்ராம்ப்டுக்கு விளக்கவுரை

ஏஐ கொண்டு சித்திரக்கதைப் புத்தகம் செய்ய முயன்றவர்கள் எல்லோரும் இதைப் பார்த்திருப்பார்கள். முதல் பக்கத்தில் வந்த சிறுமி மூன்றாம் பக்கத்தில் தன் அக்காவின் சாயலுக்கு மாறிவிடுவாள். ஐந்தாம் பக்கத்தில் நிற்பவள் வேறு யாரோ. கண்ணைக் கவரும் தனிப்படம் இன்று நொடியில் கிடைக்கிறது. ஒரே ஆளைப் பக்கத்துக்குப் பக்கம் கொண்டுவருவதுதான் கடினம். 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் பொன்னியின் செல்வன் தொடராக வந்தபோது, வந்தியத்தேவனின் முகம் ஓவியர் மணியத்தின் கைக்குப் பழகியிருந்தது. ஏஐக்கு அப்படிப் பழகிய கை கிடையாது. அந்த இடத்தை நாம்தான் நிரப்ப வேண்டும்: கொஞ்சம் எழுத்தால், கொஞ்சம் மாதிரிப் படத்தால்.

எப்படி நிரப்புவது என்று காட்ட, குழந்தைகள் கதை ஒன்றின் நாயகிக்காக ஒரு ப்ராம்ப்ட், அதாவது ஏஐக்குத் தரும் எழுத்துக் குறிப்பு, எழுதியிருக்கிறேன். முதலில் மூலம், பிறகு தொடர் தொடராக உரை.

மூலம்

"இணைத்துள்ள மாதிரிப் படத்தில் இருக்கும் அதே சிறுமி, கயல்விழி. வயது 9, ஒல்லியான உடல், மாநிறம், நீள்வட்ட முகம், அடர்ந்த புருவம். அவளுடைய இடது புருவத்தின் நடுவே சிறு தழும்பு. நடுவகிடு எடுத்த இரட்டைச் சடை, சிவப்பு ரிப்பன். பச்சைச் சட்டை, மஞ்சள் பாவாடை. காலை வெயிலில், கரையேற்றிய படகுகளுக்கு நடுவே, நண்டைத் துரத்தி ஓடுகிறாள். பக்கவாட்டுக் கோணம், முழு உருவம். வாட்டர்கலர், மெல்லிய கருங்கோடு. முகம், தழும்பு, சடை, உடை நான்கும் மாதிரிப் படத்தில் உள்ளபடியே இருக்கட்டும்."

"இணைத்துள்ள மாதிரிப் படத்தில் இருக்கும் அதே சிறுமி"

ப்ராம்ப்ட் முழுவதும் இந்தத் தொடரின் மேல்தான் நிற்கிறது. ஸ்டேபிள் டிஃப்யூஷன் போன்ற டிஃப்யூஷன் வகை ஏஐ மாதிரிகள் (மாடல்கள்) வெறும் புள்ளிச் சிதறலில் தொடங்கி, அதைப் படிப்படியாகத் தெளியவைத்துப் படமாக்குகின்றன. நேற்று வரைந்த முகம் எதுவும் அவற்றின் நினைவில் இராது. எழுத்தை மட்டும் கொடுத்தால், அந்த எழுத்துக்குப் பொருந்தும் ஆயிரம் முகங்களில் ஒன்று ஒவ்வொரு முறையும் புதிதாகப் பிறக்கும்.

தொடக்கச் சிதறலைத் தீர்மானிக்கும் சீடு எண்ணை மாற்றாமல் வைத்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. அதே ஏஐ மாதிரி, அதே எழுத்து, அதே அமைப்புகள் என்று எல்லாமே மாறாமல் இருந்தால்தான் அதே சீடு அதே படத்தைத் தரும். "நிற்கிறாள்" என்பதை "ஓடுகிறாள்" என்று மாற்றினாலே முகமும் சேர்ந்து நகரும். சீடு ஒரு படத்தைத்தான் காக்கும். ஓர் ஆளைக் காக்காது.

ஆளைக் காக்க மாதிரிப் படம் வேண்டும். டென்சென்ட் ஆய்வாளர்கள் 2023 ஆகஸ்டில் வெளியிட்ட ஐபி-அடாப்டர், எழுத்தோடு ஒரு படத்தையும் சேர்த்து வழிகாட்டியாக்கும் முறையைப் பரவலாக்கியது. மிட்ஜர்னி என்ற படக்கருவி 2024 மார்ச்சில் கதாபாத்திர மாதிரி வசதியைத் தந்தது. 2025 மே மாதம் ஃபிளக்ஸ் கான்டெக்ஸ்டும், அதே ஆண்டு ஆகஸ்டில் 'நானோ பனானா' என்று பெயர்பெற்ற கூகுளின் ஜெமினி 2.5 ஃபிளாஷ் இமேஜும் வந்தபின், "இதே ஆள், வேறு இடம்" என்று சொல்வதே போதுமான தொடக்கமாகிவிட்டது.

மாதிரிப் படம் எப்படி இருக்க வேண்டும்? வெற்றுப் பின்னணி, சீரான வெளிச்சம், அமைதியான முகபாவம். நேர்முகம், முக்கால்முகம், பக்கவாட்டு முகம் ஆகிய மூன்றும். இது புதிய ஞானம் அல்ல. டிஸ்னி ஸ்டூடியோவில் 1930களின் பிற்பகுதியிலேயே ஜோ கிராண்ட் தலைமையில் கதாபாத்திர மாதிரிகளுக்கென்று தனித்துறை இயங்கியது. பல ஓவியர்கள் ஒரே பாத்திரத்தை வரைய வேண்டியிருந்ததால், எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்க்கக் களிமண் பொம்மைகள்கூடச் செய்து வைத்தார்கள்.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். மூன்றாம் பக்கத்துக்கு மாதிரியாக இரண்டாம் பக்கத்துப் படத்தைக் கொடுக்காதீர்கள். ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுத்தால் எழுத்து மங்குவதுபோல, ஒவ்வொரு நகலிலும் முகம் சிறிது தேயும். எந்தப் பக்கத்துக்கும் முதல் மாதிரிப் படமே மூலம்.

"கயல்விழி"

பெயரைச் சொல்வதால் மட்டும் ஏஐ மாதிரிக்கு ஆள் தெரிந்துவிடாது. இந்தப் பெயருக்கு ஒரு முகத்தைப் பழக்கியிருந்தால்தான் பெயர் வேலை செய்யும். கூகுள் ஆய்வகமும் பாஸ்டன் பல்கலைக்கழகமும் 2022 ஆகஸ்டில் முன்வைத்த ட்ரீம்பூத் அதைத்தான் செய்தது. ஒரு பொருளின் 3 முதல் 5 படங்களைக் காட்டி, வேறெங்கும் அதிகம் வழங்காத ஒரு குறிச்சொல்லோடு அதைப் பிணைத்தது. இன்று பலர் கையாளும் லோரா, மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் 2021இல் மொழி மாதிரிகளுக்காக உருவாக்கிய முறை. முழு மாதிரியையும் மாற்றாமல், சிறு இணைப்புக் கோப்பாகவே ஒரு பாத்திரத்தைப் பயிற்றுவிக்க அது உதவுகிறது. நீண்ட தொடர் வரைபவர்களுக்கு இதுவே உறுதியான வழி.

குறுக்குவழி ஒன்றும் உண்டு. அதைத் தவிர்க்கச் சொல்வதும் இந்த உரையின் கடமை. பிரபலம் ஒருவரின் பெயரைப் போட்டால் மாதிரி அந்த முகத்தையே மீண்டும் மீண்டும் தரும். மிட்ஜர்னி கொண்டு கிறிஸ் கஷ்டனோவா உருவாக்கிய 'ஸாரியா ஆஃப் தி டான்' காமிக்ஸின் நாயகி, நடிகை ஜெண்டயாவின் சாயலில் இருந்தாள். ப்ராம்ப்டிலேயே அந்த நடிகையின் பெயர் இருந்தது. முகம் நிலைத்தது, ஆனால் அது இரவல் முகம். அந்தப் புத்தகத்தின் எழுத்துக்கும் படங்களைத் தேர்ந்து அடுக்கிய முறைக்கும் மட்டுமே காப்புரிமை உண்டு, ஏஐ தந்த தனிப்படங்களுக்கு இல்லை என்று அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் 2023 பிப்ரவரி 21 அன்று முடிவு சொன்னது வேறு செய்தி. உயிரோடு இருக்கும் ஒருவரின் முகத்தைக் கேட்காமல் எடுத்து நம் நாயகிக்கு ஒட்டுவது, சட்டம் என்ன சொன்னாலும் முறையல்ல.

"வயது 9, ஒல்லியான உடல், மாநிறம், நீள்வட்ட முகம், அடர்ந்த புருவம்"

நாம் சொல்லாமல் விட்டதை மாதிரி தன் பழக்கத்தால் நிரப்பும். இணையத்தில் அதிகம் கிடந்த படங்கள் எவையோ அவையே அதன் பழக்கம். வயதைச் சொல்லாவிட்டால் சிறுமி ஒரு படத்தில் 6, மற்றொன்றில் 14 வயதுக்காரி ஆவாள். நிறத்தைச் சொல்லாவிட்டால் வெளுப்பாள். சொன்னபிறகும் பக்கத்துக்குப் பக்கம் கொஞ்சம் வெளுக்கக்கூடும். ஆகவே கண்காணிப்பு தேவை. மாலை வெயிலில் நிறம் பொன்னாவது ஒளியின் இயல்பு, அதை விட்டுவிடலாம். நண்பகலில் நம் ஊர்ப் பிள்ளையின் மாநிறம் கரைந்துபோவது பிழை. அந்தப் படத்தைக் கழிக்க வேண்டும்.

"அழகான", "வசீகரமான" போன்ற சொற்கள் மூலத்தில் இல்லாததையும் கவனியுங்கள். அவை எந்த உறுப்பையும் சொல்வதில்லை. தனித்த முகத்தை மாதிரிக்குப் பழகிய பொதுமுகத்தை நோக்கி இழுக்கும் வேலையைத்தான் செய்கின்றன.

எல்லாப் பக்கத்துக்கும் இதே சொற்கள், இதே வரிசை. ஒரு பக்கத்தில் "ஒல்லியான", அடுத்ததில் "மெலிந்த" என்று மொழிநயம் காட்டினால், ஆள் மாறியதாக மாதிரி எடுத்துக்கொள்ளக்கூடும். வரிசைக்கும் காரணம் உண்டு. ஸ்டேபிள் டிஃப்யூஷனின் முதல் பதிப்புகள் எழுத்தை 77 டோக்கன்கள் (சொல் துண்டுகள்) வரைதான் வாங்கின; கடைசியில் வைத்தது காதில் விழாமலே போகும். அடையாளம் முன்னே, காட்சி பின்னே என்ற அடுக்கு இன்றும் நல்ல பழக்கம்.

"அவளுடைய இடது புருவத்தின் நடுவே சிறு தழும்பு"

ஒரு பாத்திரத்தைச் சட்டென்று அடையாளம் காட்டுவது இப்படிப்பட்ட சிறு குறிதான். முதலில் தொலைவதும் அதுதான். 512 பிக்சல் அகலப் படத்தை ஸ்டேபிள் டிஃப்யூஷனின் முதல் பதிப்பு 64 கட்டம் அகலமுள்ள சுருக்க வடிவில் வைத்துத்தான் வேலை செய்தது. அதாவது 8 பிக்சலுக்கு ஒரு கட்டம். முழு உருவம் தெரியும் படத்தில் கயல்விழியின் முகம் 40 பிக்சல் அகலம் என்று வைத்துக்கொள்வோம். முகம் முழுவதற்கும் குறுக்கே 5 கட்டங்கள்தான். அந்த ஐந்துக்குள் கண், மூக்கு, வாய், புருவம் எல்லாம் அடங்க வேண்டும். தழும்புக்கு இடம் ஏது?

தீர்வு இரண்டு. ஒன்று, படத்தைப் பெரிய அளவில் உருவாக்குவது. மற்றொன்று, முழுப்படம் வந்தபின் முகப்பகுதியை மட்டும் பெரிதாக்கி இன்பெயின்டிங் முறையில் மறுபடி வரையவைப்பது.

இடது, வலது என்பதும் ஒரு கண்ணி. படத்தில் நமக்கு வலப்பக்கம் தெரிவது அவளுக்கு இடப்பக்கம். அதனால்தான் மூலத்தில் "அவளுடைய" என்ற சொல் நிற்கிறது. அப்படியும் மாதிரி இடம் மாற்றும். லோரா பயிற்சியில் படங்களைக் கண்ணாடிபோல் இடவலமாகத் திருப்பிச் சேர்க்கும் வசதி உண்டு. தழும்போ மச்சமோ உள்ள பாத்திரத்துக்கு அதை அணைத்துவிட வேண்டும். இல்லையென்றால் தழும்பு இரண்டு பக்கமும் வரும் என்றே அது கற்றுக்கொள்ளும்.

"இரட்டைச் சடை, சிவப்பு ரிப்பன், பச்சைச் சட்டை, மஞ்சள் பாவாடை"

முகம் தெரியாத தூரத்திலும், முதுகு காட்டி நிற்கும்போதும் வாசகர் அவளை அறிவது சடையாலும் நிறத்தாலும்தான். மூன்று நிறங்களோடு நிறுத்தியது தெரிந்தே செய்தது. நிறங்கள் கூடக்கூட மாதிரி அவற்றை இடம் மாற்றிப் போடும். ரிப்பன் மஞ்சளாகும், பாவாடை சிவப்பாகும். ஒவ்வொரு நிறமும் அதற்குரிய பொருளை ஒட்டியே வர வேண்டும். பூவேலை, ஜரிகைக் கரை போன்றவை ஒவ்வொரு பக்கத்திலும் வேறு வேறாக வரும் என்பதால் துணி வெற்றுத்துணி.

கதையில் அவள் பள்ளிச் சீருடைக்கு மாறினால்? உடையைப் பிரித்துக் கேட்க வேண்டும். மிட்ஜர்னியின் கதாபாத்திர மாதிரி வசதியில் 0 முதல் 100 வரை ஓர் அளவு இருந்தது. 100 என்றால் முகம், முடி, உடை மூன்றையும் பின்பற்றும். 0 என்றால் முகத்தில் மட்டும் கவனம் வைக்கும். அந்த வசதி இல்லாத கருவியில் சீருடையோடு இன்னொரு மாதிரிப் படம் செய்துகொள்வதே நல்லது.

"காலை வெயிலில், கரையேற்றிய படகுகளுக்கு நடுவே, நண்டைத் துரத்தி ஓடுகிறாள், பக்கவாட்டுக் கோணம், முழு உருவம்"

ப்ராம்ப்டில் மாற்றத்துக்கு உரிய பகுதி இது ஒன்றுதான். அடுத்த பக்கத்துக்கு இதை எடுத்துவிட்டு வேறு காட்சியை வைக்கலாம். மற்றவற்றில் கை வைக்கக் கூடாது. ஒரு படத்துக்கு ஒரு செயல் போதும். உடலின் நிலை துல்லியமாக வேண்டுமென்றால், 2023 பிப்ரவரியில் வந்த கன்ட்ரோல்நெட் உதவும். எலும்புக்கூடு போன்ற கோட்டுருவைக் கொடுத்தால் அதே நிலையில் ஆளை நிறுத்தும். பக்கவாட்டுக் கோணம் கேட்கும்போதுதான், மாதிரிப் படத்தில் பக்கவாட்டு முகம் இருக்கிறதா இல்லையா என்பது வெளிப்படும். இல்லையென்றால் மூக்கையும் தாடையையும் மாதிரி தானாகவே இட்டுக்கட்டும்.

"வாட்டர்கலர், மெல்லிய கருங்கோடு"

பாணி மாறினால் முகமும் மாறும். பாணிக்கான சொற்களும் பக்கந்தோறும் ஒன்றாகவே இருக்க வேண்டும். கருவியின் பதிப்பும் அப்படியே. புத்தகத்தின் நடுவில் புதிய பதிப்புக்குத் தாவினால் அதே ப்ராம்ப்ட் வேறு சிறுமியைத் தரலாம். ஆண்டுக்கணக்கில் ஓடும் தொடருக்கு, நம் கணினியிலேயே இறக்கி வைத்துக்கொள்ளக்கூடிய மாதிரி பாதுகாப்பானது. அதை யாரும் நம்மிடமிருந்து திரும்பப் பெற முடியாது.

"நான்கும் மாதிரிப் படத்தில் உள்ளபடியே இருக்கட்டும்"

"மாற்றாதே", "தழும்பை மறைக்காதே" என்று எழுதாமல் இப்படி எழுதியது ஏன்? பழைய மாதிரிகள் எதிர்மறையைச் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. "கண்ணாடி அணியவில்லை" என்றால் கண்ணாடியோடு வரும். அதனால்தான் வேண்டாதவற்றை எழுத ஸ்டேபிள் டிஃப்யூஷன் கருவிகளில் தனிப்பெட்டியே வைத்தார்கள். புதிய மாதிரிகள் தேறியிருக்கின்றன என்றாலும், வேண்டியதைப் பெயர் சொல்லிக் கேட்பதே உறுதி. நான்கையும் எண்ணிச் சொன்னது நமக்காகவும்தான்: படம் வந்ததும் சரிபார்க்க வேண்டிய பட்டியல் அதுவே.

சரிபார்ப்பதைத் தனித்தனிப் படமாகச் செய்யாதீர்கள். எல்லாப் பக்கங்களிலிருந்தும் முகத்தை மட்டும் வெட்டி, ஒரே அளவாக்கி, மாதிரிப் படத்தோடு ஒரே வரிசையில் வையுங்கள். தனியே பார்த்தபோது சரியாகத் தோன்றிய முகம் வரிசையில் நின்றதும் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

கருவிகள் மாதாமாதம் மேம்படும். மேலே சொன்ன இடைஞ்சல்களில் சில நாளையே தீரலாம். கயல்விழிக்கு வயது எத்தனை, தழும்பு எந்தப் பக்கம், சடை எத்தனை என்று முடிவு செய்யும் வேலையை மட்டும் எந்தக் கருவியும் நமக்காகச் செய்யாது. அந்த முடிவுகளை ஒரு தாளில் எழுதி, மாதிரிப் படத்தைச் செய்து வைத்த பிறகு முதல் பக்கத்தைத் தொடங்குங்கள். குழந்தைகள் பக்கத்தைப் புரட்டும்போது தங்களுக்குத் தெரிந்த அதே கயல்விழியைத்தான் தேடுவார்கள். அவளை அவர்களிடம் சேர்ப்பது நம் பொறுப்பு.